‘ஒப்பரேசன் நொட் பெர்மிட்டெட்’: திருநெல்வேலி ரியூசன் நிலையமொன்றில் என்மேப் பிழை தேடிய குறிப்பு

இடம் யாழ்ப்பாணம் திருநெல்வேலி, மேல்மாடியில் ஒரு ரியூசன் நிலையம். முறைப்பாடு சின்னது: சிசிரிவி கமெராப் படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டி நாளுக்கு இரண்டு மூன்று தரம் நெற்வேர்க்கில் இருந்து காணாமல் போகிறது. உரிமையாளர் லண்டனில் இருந்து போனைத் திறந்தால் படம் இல்லை. இரண்டு கருவிக்கு ஒரே ஐபி (நெற்வேர்க் முகவரி) விழுந்திருக்கலாம் என்பது முதல் சந்தேகம். அதை உறுதிப்படுத்த, எந்த முகவரியில் எது இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். நெற்வேர்க்கில் என்னென்ன கருவி இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் (ஸ்கான் செய்யும்) என்மேப் மென்பொருளை ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை. முடியவில்லை, ஸ்கான் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழை சொன்னது. இந்தக் குறிப்பு பெரும்பாலும் அந்தப் பிழைகளைப் பற்றியதுதான்.

உள்ளே இருப்பவை: ஃபைபர் றவுட்டர் ஒன்று (192.168.1.1), மாணவர்களுக்கு விண்டோஸ் கணினி 22, அலுவலகத்தில் டெபியன் 12 (ஒரு லினக்ஸ்) போட்ட கணினி ஒன்று, பின்னறையில் கோப்புகளைச் சேமிக்க ஃப்ரீபிஎஸ்டி 14 (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) ஓடும் பழைய கணினி ஒன்று, பிறின்ரர் 2, வைஃபை அக்செஸ் பொயின்ட் 2, டிவிஆர் 1. ஆக 30. மாணவர்களின் போன்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஸ்கான் செய்தது டெபியனில் இருந்து.

கட்டளைகளைக் கீழே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறது. தட்டுவது ஆங்கில எழுத்தில்தான், பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதும் முக்கியம். இன்னொன்று: உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் மற்றவரின் நெற்வேர்க்கில் ஸ்கான் ஓட்ட வேண்டாம். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஒரு வட்ஸ்அப் செய்தி என்றாலும் பரவாயில்லை, வாங்கி வையுங்கள்.

30 இருக்க 7 தெரிந்தது

முதல் ஓட்டம் «என்மேப் -எஸ்என் 192.168.1.0/24» (எஸ், என் இரண்டும் சிறியது): 192.168.1 என்று தொடங்கும் 256 முகவரியிலும் எது இருக்கிறது என்ற கேள்வி. ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டும் ‘சூடோ’ போடவில்லை. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை, ஆனால் 7 கருவிதான் தெரிந்தது: றவுட்டர், அக்செஸ் பொயின்ட் இரண்டு, பிறின்ரர் இரண்டு, டிவிஆர், ஸ்கான் ஓட்டிய கணினி. மிச்சம் 23ம் ‘இல்லை’.

பிழை என்று சொல்லாமல் பிழையான விடை தருவதால் இதுதான் ஆக மோசமான வகை. காரணம் இது. ரூட் உரிமை இல்லாதபோது என்மேப்பால் தன் கையால் பக்கற் (நெற்வேர்க்கில் போகும் தரவுத் துண்டு) கட்ட ஏலாது. அதனால் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்டுக்கும் (கருவியின் இலக்கமிட்ட வாசல்கள்) சாதாரண இணைப்புக் கேட்டுப் பார்க்கிறது. ‘வா’ என்றாலும் ‘மூடியிருக்கிறது’ என்றாலும் கருவி இருக்கிறது என்று எடுக்கும். விண்டோஸ் ஃபயர்வோல் இரண்டும் சொல்லாது, சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பின்னறை ஃப்ரீபிஎஸ்டியின் பிஎஃப் ஃபயர்வோலும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே 22ம் 1ம் சேர்ந்து 23.

இதில் ஒரு வடிவான விசயம் இருக்கிறது. அந்த ஸ்கான் முடிந்த கையோடு «ஐபி நெய்» என்று தட்டிப் பாருங்கள். என்மேப் ‘இல்லை’ என்று சொன்ன 23ம் மாக் முகவரியோடு (நெற்வேர்க் அட்டையின் முகவரி) அங்கே நிற்கும். இணைப்புக் கேட்பதற்கு முன் கேர்னல் (இயங்குதளத்தின் கரு) ஏஆர்பி என்ற முறை மூலம் ‘இந்த ஐபி யாரிடம்?’ என்று விசாரித்தாக வேண்டும். விண்டோஸ் ஃபயர்வோல் ஏஆர்பியைத் தடுப்பதில்லை. விடை கணினிக்குள் வந்துவிட்டது, என்மேப் கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை. உண்மையில் ஆள் இல்லாத முகவரிகள் அதே பட்டியலில் ‘ஃபெயில்ட்’ என்று கிடக்கும். தாமதித்தால் கேர்னல் பழைய பதிவுகளைக் கூட்டித் தள்ளிவிடும், உடனே பார்க்க வேண்டும்.

சூடோ போட்டு ஓட்டினால் ஒரே லானுக்குள் (உள்வலைக்குள்) என்மேப் தானே ஏஆர்பி கேட்கிறது. 30ம் வந்தது, மேலதிகமாகப் போன்களும் வந்தன.

ஒவ்வொரு தரமும் சூடோ போடப் பஞ்சியாக இருக்கிறது என்று சிலர் என்மேப் கோப்புக்கு «செற்கப்» மூலம் நெற்-ரோ (பக்கற்றைத் தானே கட்டும்) உரிமையைக் கொடுத்துவிடுவார்கள். அது மட்டும் காணாது, ஓட்டும்போது «--பிரிவிலெஜ்ட்» என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்மேப் தனக்கு உரிமை இல்லை என்றே நினைத்துக்கொள்ளும். பொதியைப் புதுப்பிக்கும்போது புதுக் கோப்பு வந்து விழும், கொடுத்த உரிமையும் போய்விடும். மாணவர் கை படுகிற கணினியில் இந்த வேலை வேண்டாம்.

அந்த ஒரு வரியை வாசிப்பது

பட்டியல் வந்தபின், எந்தக் கருவியில் எந்தப் போர்ட் திறந்து கிடக்கிறது என்று பார்க்க «சூடோ என்மேப் -எஸ்எஸ்» (முதல் எஸ் சிறியது, இரண்டாவது பெரியது). இங்கேதான் திரை நிரம்பியது:

«சென்ட்ரு இன் சென்ட்_ஐபி_பக்கற்_எஸ்டி: சென்ட்ரு(5, பக்கற், 44, 0, 192.168.1.23, 16) => ஒப்பரேசன் நொட் பெர்மிட்டெட்»

இதைக் கண்டவுடன் 192.168.1.23 கணினியில் ஏதோ தடுக்கிறது என்று அங்கே ஓடிப்போய் ஃபயர்வோலை நிறுத்துவார்கள். வீண் மினக்கேடு. இந்தப் பக்கற் கேபிளுக்கே போகவில்லை. ‘அனுமதி இல்லை’ என்றது நம்முடைய கணினியின் கேர்னல். தூரத்துக் கருவி தடுத்தால் என்மேப் ‘ஃபில்ட்டர்ட்’ என்று எழுதும், சென்ட்ரு பிழை தராது.

அடைப்புக்குள் இருக்கிற எண்களையும் வாசிக்கலாம். 5 என்பது திறந்திருக்கும் சொக்கெற்றின் இலக்கம், பொருட்படுத்தத் தேவையில்லை. கடைசி 16 முகவரிக் கட்டமைப்பின் நீளம், அதையும் விடலாம். பயனுள்ளது 44. ஐபி தலைப்பு 20 பைற், ரிசிபி தலைப்பு 20 பைற், அதோடு எம்எஸ்எஸ் (ஒரு பக்கற்றில் கொள்ளும் அளவைச் சொல்லும்) விருப்பம் 4 பைற். அதாவது தடுபட்டது ஒரு சின் பக்கற், இணைப்புத் தொடங்கக் கேட்கும் முதல் பக்கற். 28 என்று இருந்தால் 20ம் ஐசிஎம்பி 8ம், பிங். 40 என்றால் விருப்பம் இல்லாத வெறும் ரிசிபி: அக், ஃபின் வகைகள். ஐசிஎம்பி நேரக் கேள்வியும் 40 வரும் என்பதால், கீழே வரும் ‘ஒஃபென்டிங் பக்கற்’ வரியைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த வரிகள் 10 வந்தபின் என்மேப் தானாக நிறுத்திவிடும். பிழை பத்தோடு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, காட்டுவதைத்தான் நிறுத்தியது. «-டி2» (டி சிறியது) போட்டால் முழுவதும் ஓடும்.

தடுப்பது சொந்த ஃபயர்வோல்தான் என்று ஒரே கட்டளையில் நிறுவலாம். அதே ஸ்கானை «--சென்ட்-ஈத்» சேர்த்து ஓட்டுங்கள். அப்போது பக்கற் ஐபி அடுக்கைத் தொடாமல் நேரே ஈதர்நெற் சட்டமாகப் போகும், லினக்ஸ் ஃபயர்வோலான ஐபிரேபிள்ஸின் வெளியேறும் சங்கிலி (வெளியே போகும் பக்கற்றுக்கான விதிகளின் வரிசை) அதைக் காணாது. பிழை மறைந்தால் குற்றவாளி அந்தச் சங்கிலி. எங்களுக்கு மறைந்தது. இதையே நிரந்தரத் தீர்வாக வைத்திருக்கலாமே என்றால், லானுக்குள் மட்டும் ஸ்கான் செய்பவருக்கு வைத்திருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் சுற்றுவழி போட்டால் அடுத்த பிழையில் இரண்டும் சேர்ந்து குழப்பும்.

«சூடோ ஐபிரேபிள்ஸ் -எல் அவுட்புட் -வி -என்» (எல் பெரியது) பார்த்தபோது விளங்கியது. பழையவர் யாரோ வலையில் இருந்து எடுத்த ஸ்கிரிப்டைப் போட்டிருக்கிறார்: வெளியேறும் சங்கிலியின் பொது முடிவு (விதி எதுவும் பொருந்தாவிட்டால் நடப்பது) ‘ட்ரொப்’, அதாவது எறி, அனுமதி 53, 80, 443க்கு மட்டும். அதன் மேலே ‘இன்வலிட்’ நிலையில் உள்ளதை எறி என்று ஒரு விதி. ஸ்கானை ஓடவிட்டு அதே கட்டளையை இரண்டாம் தரம் தட்டினால் எந்த எண் ஏறுகிறதோ அதுதான் தடுக்கும் விதி. ஏறியது பொது முடிவின் எண்.

இந்த இடத்தில் பலர் செய்கிற பிழை «ஐபிரேபிள்ஸ் -எஃப்» (எஃப் பெரியது). அது விதிகளைத்தான் அழிக்கும், ‘ட்ரொப்’ என்ற பொது முடிவு அப்படியே நிற்கும். அனுமதித்த மூன்றும் போய்விடும், எஸ்எஸ்எச்சுக்கும் அனுமதி இருந்த கணினி என்றால் அதில் தூர இருந்து வேலை செய்பவர் அந்த நொடியே வெளியில். நாங்கள் போட்டது ஒரே விதி: வெளியேறும் சங்கிலியில் ‘இன்வலிட்’ விதிக்கு அடுத்ததாக, போகுமிடம் 192.168.1.0/24, உரிமையாளர் எண் 0 (ரூட்) என்றால் விடு. மாணவர் கணக்கில் இருந்து போவதற்குப் பழைய கட்டுப்பாடு அப்படியே இருக்கும்.

‘இன்வலிட்’ விதியை அகற்றவில்லை. சாதாரண சின் ஸ்கானுக்கு அது இடைஞ்சல் இல்லை. ஆனால் ஃபின், நல், எக்ஸ்மாஸ் வகை ஸ்கான்களை (வழமையில்லாத பக்கற் அனுப்புபவை) ஓட்டினால் அந்தப் பக்கற்றுகள் எந்த இணைப்புக்கும் சேராதவை என்று சொந்த வீட்டிலேயே எறிபடும். அங்கே வரியில் 44க்குப் பதில் 40 நிற்கும்.

ஒரு நிமிடம் ஓடியபின் திரும்பவும் அதே வரி

விதி போட்டபின் முதல் ஸ்கான் நன்றாக முடிந்தது. எல்லாப் போர்ட்டையும் பார்க்க «-பி-» (‘போர்ட்’டின் முதல் எழுத்து, சிறியது) சேர்த்து 22 விண்டோஸ் கணினிக்கும் ஓட்டியபோது, தொடக்கத்தில் பிழை இல்லை, ஒரு நிமிடம் கடந்தபின் அதே ‘ஒப்பரேசன் நொட் பெர்மிட்டெட்’. செய்தி ஒன்றுதான், நோய் வேறு. விதியின் எண் எதுவும் ஏறவில்லை. கேர்னலின் செய்திகளைக் காட்டும் «டிமெஸ்ஜ்» சொன்னது: ‘என்எஃப்_கொன்ட்ராக்: ரேபிள் ஃபுல், ட்ரொப்பிங் பக்கற்’.

‘இன்வலிட்’ போல இணைப்பின் நிலை பார்க்கும் விதி ஒன்றாவது இருந்தால், போகிற ஒவ்வொரு இணைப்பையும் கேர்னல் ஒரு அட்டவணையில் பதிகிறது. இந்தக் கணினியில் அதன் உச்சம் 65,536. «சிஸ்சிரிஎல் நெற்.நெற்ஃபில்ட்டர்.என்எஃப்_கொன்ட்ராக்_மாக்ஸ்» உங்களுடையதைச் சொல்லும், கடைசிச் சொல்லை ‘கவுன்ட்’ என்று மாற்றினால் இப்போது எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். மூடிய போர்ட் ‘ஆர்எஸ்ரி’ (மறுப்பு) அனுப்பினால் பதிவு 10 விநாடியில் கழிந்துவிடும். பதிலே வராத சின் 120 விநாடி கிடக்கும். விண்டோஸ் ஃபயர்வோல் பதில் தராது என்று மேலே பார்த்தோம். விநாடிக்கு 1,000 பக்கற் போனால் ஏறத்தாழ 65 விநாடியில் அட்டவணை முட்டும். அந்த ‘ஒரு நிமிடம்’ இங்கிருந்துதான் வந்தது.

இது ஸ்கானை மட்டும் கெடுப்பதில்லை. அட்டவணை நிரம்பியிருக்கும் நேரத்தில் அந்தக் கணினியின் மற்ற இணைப்புகளும் எறிபடும். அலுவலகத்தில் ரசீது அடித்துக்கொண்டிருந்தவர் ‘இன்ரநெற் போட்டுது’ என்று கத்துவார், பழி நெற்வேர்க்கின் தலையில் விழும்.

உச்சத்தைக் கூட்டலாம், நினைவகம் இடம் கொடுத்தால். எளிய வழி வேகத்தைக் குறைப்பது. 400 × 120 = 48,000, உச்சத்துக்குள் நிற்கும். ஆகவே «--மாக்ஸ்-ரேட் 400». விலை நேரம்: 22 × 65,535 என்பது 14 இலட்சத்து 41 ஆயிரத்து 770 கேள்வி, பதில் வராதவற்றுக்கு ஒரு மறுமுயற்சியோடு எடுத்தால் கிட்டத்தட்ட 29 இலட்சம், விநாடிக்கு 400 என்றால் இரண்டு மணித்தியாலம். வகுப்பு முடிந்து போட்டுவிட்டுப் போகிற வேலை. யூபிஎஸ் இல்லாமல் போடாதீர்கள். கரண்ட் ஒருதரம் வெட்டினாலும் சுவிச் திரும்ப எழும்பும் வரைக்கும் கேட்ட கேள்விகள் எல்லாம் ‘ஃபில்ட்டர்ட்’ என்று பதிவாகும், பிறகு அதை உண்மை என்று நம்பிக்கொண்டிருப்போம். யூபிஎஸ் கணினிக்கு மட்டும் போட்டால் காணாது, சுவிச்சுக்கும் வேண்டும்.

பின்னறை ஃப்ரீபிஎஸ்டியில்

அதே ஸ்கானை ஃப்ரீபிஎஸ்டியில் ஓட்டினால் வரி வேறு வார்த்தையில் முடியும்: ‘பெர்மிசன் டினைட்’. பிழை எண் 13. லினக்ஸில் வந்தது எண் 1. பெயரைப் பார்த்து சூடோ மறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், ரூட்டாக ஓட்டியும் வந்தால் பிஎஃப் அல்லது இன்னொரு ஃபயர்வோலான ஐபிஎஃப்டபிள்யூ வெளியேறும் பக்கற்றை மறித்திருக்கிறது. «பிஎஃப்சிரிஎல் -விவிஎஸ்ஆர்» விதிகளை எண்ணிக்கையோடு காட்டும். மறிக்கும் விதியில் ‘லொக்’ என்ற சொல்லைச் சேர்த்து, பிஎஃப்லொக்0 என்ற இடைமுகத்தில் பக்கற்றுகளைக் காட்டும் ரிசிபிடம்ப் வைத்துப் பார்த்தால் எந்த விதி இலக்கம் என்று நேரடியாக வரும். லினக்ஸில் எண்களை இரண்டு தரம் ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியதை இங்கே ஒரே வரியில் காணலாம். இந்த ஒரு வேலைக்கு பிஎஃப்தான் சுகம்.

‘நோ பஃபர் ஸ்பேஸ் அவெய்லபிள்’ வந்தால் அது ஃபயர்வோல் இல்லை. நெற்வேர்க் அட்டையின் அனுப்பும் வரிசை நிரம்பிவிட்டது, மலிவான அட்டையில் கெதியாக வரும். «--மாக்ஸ்-ரேட் 200» வைத்துத் தொடங்குங்கள். ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்றால் ஏஆர்பிக்குப் பதில் இல்லை, அங்கே ஆளில்லை.

பிழை சொல்லாத பிழைகள்

வலைமறைப்பை (முகவரியின் பின்னால் வரும் /24 போன்ற எண்) பிழையாகப் போடுவது அடிக்கடி நடக்கும். /24 போட வேண்டிய இடத்தில் /16 போட்டால் 256 முகவரி 65,536 ஆகும். சாதாரணப் பயனராக ஓட்டினால் கேர்னல் அத்தனைக்கும் ஏஆர்பி கேட்கும், லினக்ஸின் அண்டை அட்டவணையின் இயல்பான உச்சம் 1,024. ‘நெய்பர் ரேபிள் ஓவர்ஃப்ளோ’ என்று டிமெஸ்ஜில் வரும். «ஐபி -பிஆர் அட்ர்» பார்த்து மறைப்பை அப்படியே எழுதுங்கள், வேறு மருந்து வேண்டாம்.

வைஃபையில் இருந்து ஸ்கான் செய்தால் றவுட்டர் மட்டும் தெரிவது, அக்செஸ் பொயின்ட்டில் பயனர்களைப் பிரித்து வைக்கும் அமைப்பு போட்டிருப்பதால். நாலைந்து ஐபிக்கு ஒரே மாக் வந்தால் நடுவில் வைஃபை நீட்டிப்பான் இருக்கிறது. 256ம் ‘இருக்கிறது’ என்று ஒரே மாக்கில் வந்தால் ஏதோ ஒரு றவுட்டர் எல்லாருக்காகவும் ஏஆர்பி பதில் சொல்கிறது. விண்டோஸ் கணினி தூங்கினாலும் அதன் நெற்வேர்க் அட்டை ஏஆர்பிக்குப் பதில் சொல்லக்கூடும், ஆகவே ‘இருக்கிறது’ என்பதற்கு ‘விழித்திருக்கிறது’ என்று பொருள் இல்லை.

எங்களை ஆகக் கூட மினக்கெடுத்தியது வேறு. சூடோவோடு மூன்று தரம் ஓட்டினால் கம்பியில் இருப்பவை 30, 27, 29 என்று ஆடியது. மென்பொருளில் தேடுவதை நிறுத்திவிட்டு «ஈத்ரூல்» தட்டினால் ஜிகாபிட் சுவிச்சில் இருந்தும் வேகம் 100 என்று காட்டியது. «ஐபி -எஸ் லிங்க்» தட்டினால் பெறும் பக்கத்தில் பிழை எண் ஏறிக்கொண்டே இருந்தது. 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி காணும், 1,000க்கு எட்டும் வேண்டும். தலையைக் கழற்றிப் பார்த்தால் ஆர்ஜே45 ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறது. உப்புக்காற்று ஊரில், யன்னல் ஓரமாகப் போகிற வயருக்கு இது வழக்கம். வெட்டி எறிந்து புதுத் தலை போட்டோம்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காமல், இரண்டு பக்கமும் அதே ஒழுங்கில். வேகம் 1,000க்கு வந்தது. அதன்பின் ஐந்து தரம் ஓட்டியும் 30.

டிவிஆர்

இனி முதல் முறைப்பாடு. என்மேப் இதற்கு உதவாது, ஒரு ஐபிக்கு முதலில் வந்த பதிலை எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடும். «சூடோ ஏஆர்பி-ஸ்கான் --லோக்கல்நெற்» இரண்டாவது பதிலையும் காட்டும். மாலை வகுப்பு நேரத்தில் ஓட்டியபோது 192.168.1.64க்கு இரண்டு வரி, இரண்டாவதின் ஓரத்தில் ‘டப்: 2’. ஒன்று டிவிஆரின் மாக். மற்றதின் இரண்டாவது எழுத்து ‘ஏ’. மாக்கின் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் அது தொழிற்சாலை கொடுத்த முகவரி இல்லை, போன் தானே உருவாக்கிய தற்காலிக முகவரி என்று பெரும்பாலும் எடுக்கலாம்.

டிவிஆருக்கு 64 கையால் போட்டிருக்கிறார்கள். றவுட்டரின் டிஎச்சிபி (ஐபியைத் தானாகப் பங்கிடும் பகுதி) 2 முதல் 254 வரைக்கும் பங்கிடுகிறது. மாணவர் கூடுகிற நேரத்தில் 64ம் ஒரு போனுக்குப் போய்விடும். பங்கை 100 முதல் 199 வரைக்கும் சுருக்கி, பிறின்ரர், அக்செஸ் பொயின்ட், டிவிஆர் எல்லாவற்றையும் 100க்குக் கீழே நிறுத்தி, ஒரு கருவி ஐபியை வைத்திருக்கும் வாடகை நேரத்தை 24 மணியில் இருந்து 2 மணியாகக் குறைத்து, பழைய பங்கீடுகள் அழிய றவுட்டரை ஒருதரம் நிறுத்தித் தொடக்கினோம். போன்களின் வைஃபையும் ஒருதரம் அணைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஐபியைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

சரிபார்க்க «சூடோ ஆர்பிங் -பி -சி 5 -ஐ ஈஎன்பி3எஸ்0 192.168.1.64». இதில் -பி என்பது ‘புரோட்காஸ்ட்’டின் முதல் எழுத்து, சிறியது, -ஐ பெரியது. -பி இல்லாவிட்டால் முதல் பதில் வந்தவுடன் ஆர்பிங் அந்த ஒருவரிடம் மட்டும் கேட்கத் தொடங்கிவிடும், இரண்டாமவர் ஒளிந்துகொள்வார். அடுத்த நாள் மாலை, வகுப்பு நிரம்பியிருந்த நேரம் ஓட்டியதில் ஐந்து பதில், ஐந்திலும் டிவிஆரின் மாக்.